அப்கிரேடுக்குப் பிறகு உடைந்தால்: காத்திருப்பதா, பின்வாங்குவதா, புகார் எழுதுவதா?

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 13-ஆம் பதிப்பு வெளியானது 2025 ஆகஸ்ட் 9 அன்று. சில வாரம் பொறுத்திருந்து ஒரு சனிக்கிழமை ராத்திரி, வீட்டில் அலமாரி மேல் ஓடிக்கொண்டிருக்கும் மினி கணினியை 12-இலிருந்து 13-க்கு ஏற்றினேன். சிவப்பு எழுத்து ஒன்றுகூட வரவில்லை. ரீபூட் ஆனது, லாகின் வந்தது, தூங்கப் போய்விட்டேன்.

காலை ஏழு மணிக்கு அக்காவின் போன். "டேய், கணக்கு ஃபோல்டர் திறக்கவே மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" அக்கா இருப்பது வேறு ஊரில். வயர்கார்டு விபிஎன் (இணையம் வழியே வீட்டு வலையமைப்புக்குள் வரும் பாதுகாப்பான பாதை) வழியாக எங்கள் வீட்டு மினி கணினிக்குள் வந்து, அதைத் தாண்டி என்ஏஎஸ் எனும் சேமிப்புப் பெட்டியில் இருக்கும் கணக்குக் கோப்புகளைத் திறப்பார். பார்த்தேன். விபிஎன் இணைகிறது. மினி கணினியும் பிங்குக்குப் பதில் சொல்கிறது. அதைத் தாண்டி ஒரு அடி நகர மறுக்கிறது. ஒரு வலையமைப்பிலிருந்து வரும் தரவை இன்னொன்றுக்குக் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங் அமைப்பு பூஜ்யமாகக் கிடந்தது. அதை 1 என்று வைத்து, எட்க் அடைவில் சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பில் எழுதிப் பல வருடம் ஆகிறது. கோப்பைத் திறந்தால் வரி அங்கேயே இருக்கிறது. அந்தக் கோப்பைப் படித்து அமல்படுத்தும் 'சிஸ்சிடிஎல் -பி' கட்டளையைத் தட்டினேன். உடனே வேலை செய்தது. ரீபூட் செய்தேன், மறுபடி செத்தது.

கையால் தட்டினால் வருகிறது, ரீபூட் ஆனால் போகிறது. இது வழுவேதான், பக்கேதான் என்று முடிவு கட்டி, டெபியனுக்கு வழு தெரிவிக்கும் 'ரிப்போர்ட்பக்' கருவியைத் திறந்து பாதி எழுதியும் விட்டேன். எவ்வளவு தீவிரம் என்று அது கேட்டபோது, அக்காவின் குரல் காதில் இருந்ததால், 'கிரேவ்' என்று தேர்ந்தெடுத்தேன். அனுப்பும் முன் எதற்கும் பார்ப்போமே என்று டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்பைத் திறந்தேன். தெளிவாக எழுதியிருந்தது: கணினி எழும்போது சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி இனி அந்தக் கோப்பைப் படிக்காது, அமைப்புகளை சிஸ்சிடிஎல்.டி அடைவுக்குள் ஒரு கோப்பாக வையுங்கள். கையால் தட்டும் கட்டளை மட்டும் பழைய கோப்பை இன்னும் படிக்கிறது. நான் பார்த்த மாயம் அவ்வளவுதான். கோப்பை ஒரு அடைவு தள்ளி வைத்தேன், முடிந்தது கதை.

அப்கிரேடுக்குப் பிறகு ஏதாவது உடைந்தால் நமக்கு நாலு வழி இருக்கிறது. அடுத்த அப்டேட் வரும்வரை காத்திருக்கலாம். பழைய பதிப்புக்குத் திரும்பலாம். டிஸ்ட்ரோவிடம், அதாவது மென்பொருள்களைத் திரட்டித் தரும் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளிடம், புகார் எழுதலாம். மென்பொருளை எழுதியவரிடமே போய் நிற்கலாம். எது எப்போது சரி என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் நாலில் எதையும் எடுக்கும் முன் அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். எனக்குத் தெரிந்து அப்கிரேடுக்குப் பின் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் பேக்கேஜின் (டிஸ்ட்ரோ தரும் மென்பொருள் பொதியின்) வழுவே இல்லை.

முதல் அரை மணி நேரம்

வெளியீட்டுக் குறிப்பில் 'கவனிக்க வேண்டியவை' என்று ஒரு அத்தியாயம் இருக்கும். அதை மட்டுமாவது படியுங்கள். டெபியன் 13-ஐ எடுத்துக்கொண்டால், தற்காலிகக் கோப்புகள் போகும் டெம்ப் அடைவு இப்போது ரேமில் இருக்கிறது. பெரிய கோப்பை அங்கே போட்டுவிட்டு 'நினைவகம் தீர்ந்துவிட்டது' என்று அலறுவது வழு அல்ல. பழைய டிஎஸ்ஏ வகைச் சாவிகளை, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் இனி ஏற்காது. இதெல்லாம் முடிவெடுத்துச் செய்த மாற்றங்கள். புகார் எழுதினால் 'குறிப்பைப் படிக்கவும்' என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள். அவர்கள் செய்வது சரிதான்.

அப்புறம் பைத்தான். டெபியன் 12-இல் 3.11, 13-இல் 3.13. ஒரு நிரலுக்கான பைத்தான் நூலகங்களைத் தனியே வைக்க நீங்கள் உருவாக்கிய வென்வ் அடைவுக்குள் நூலகங்கள் எல்லாம் 3.11 என்ற பெயர் கொண்ட துணை அடைவில் இருக்கும். அப்கிரேடுக்குப் பின் பைத்தான் 3.13 ஆகிவிட்டதால் 3.13 என்ற அடைவைத் தேடும். அது அங்கே இருக்காது. 'மாட்யூல் இல்லை' என்று பிழைச் செய்தி வரும். வென்வை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் போதும். அப்படியும் 'டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை' என்று வந்தால், அதைப் பைத்தான்காரர்களே 3.12-இல் எடுத்துவிட்டார்கள், உங்கள் நிரல்தான் மாற வேண்டும்.

மூன்றாவது, அமைப்புக் கோப்புகள். அப்கிரேடு நடுவே, பேக்கேஜை நிறுவும் கருவியான டிபிகேஜி நிறுத்தி ஒரு கேள்வி கேட்கும்: இந்தக் கோப்பை நீ மாற்றியிருக்கிறாய், பேக்கேஜிலும் புதிது வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்ள? பாதி தூக்கத்தில் என்டர் தட்டினால் உங்கள் பழைய கோப்பே இருக்கும். புதியது பக்கத்தில் 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலுடன் கிடக்கும். புது நிரல், பழைய அமைப்பு: சேவை எழுந்து நிற்காததற்கு மிகச் சாதாரணமான காரணம் இது. எட்க் அடைவில் அந்த வால் உள்ள கோப்புகளைத் தேடி, இரண்டையும் டிஃப் போட்டு (வரிவரியாக ஒப்பிட்டு) பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

நாலாவதைச் செய்ய இரண்டே நிமிடம் ஆகும். புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து, அதே மென்பொருளைத் திறந்து பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் கோளாறு உங்கள் ஹோம் அடைவில்தான். டெஸ்க்டாப் தொல்லைகளில் இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியாக, எங்கிருந்து வந்த பேக்கேஜ் என்று பாருங்கள். 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்று பேக்கேஜ் பெயருடன் தட்டினால், இப்போது இருக்கும் பதிப்பு எது, அது எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று சொல்லும். எப்போதோ யூட்யூப் பார்த்துச் சேர்த்த மூன்றாம் நபர் களஞ்சியம் அங்கே எட்டிப் பார்த்தால், டிஸ்ட்ரோவிடம் போவதில் பயனில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் கோளாறு நிற்கிறது என்றால் அது வழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இடத்தில், எதையும் தொடுவதற்கு முன், சாட்சியங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். வார் லாக் அடைவுக்குள் ஆப்ட் என்ற அடைவில் 'ஹிஸ்டரி.லாக்' இருக்கும்: எந்த நிமிடம், எந்தக் கட்டளை, எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு ஏறியது, எல்லாம் அதில் உண்டு. பக்கத்தில் உள்ள 'டெர்ம்.லாக்' அப்போது திரையில் ஓடியதை அப்படியே வைத்திருக்கும். இரண்டையும், ஜர்னலில் (சிஸ்டம்டியின் பதிவேட்டில்) வந்த பிழைச் செய்திகளையும் ஹோம் அடைவில் ஒரு நகல் எடுங்கள். பலர் முதலில் பின்வாங்கிவிட்டு, அப்புறம் புகார் எழுத உட்கார்ந்து, கையில் ஒன்றுமில்லாமல் விழிப்பார்கள்.

காத்திருப்பது

சோம்பேறித்தனமாகத் தோன்றும். சில சமயம் இதுதான் சரி. நிலையான டெபியனுக்கு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திருத்த வெளியீடு வரும்; 13.1 செப்டம்பர் 6-ஆம் தேதியே வந்துவிட்டது. உபுண்டுவில் இந்தக் காத்திருப்பை அமைப்பிலேயே கட்டியிருக்கிறார்கள். ஒரு எல்டிஎஸ்ஸிலிருந்து (நீண்டகால ஆதரவுப் பதிப்பிலிருந்து) அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு ஏறச் சொல்லும் அழைப்பு, முதல் திருத்த வெளியீடு வந்த பிறகுதான் வரும். 24.04 வந்தது 2024 ஏப்ரலில், 24.04.1 வந்தது ஆகஸ்ட் கடைசியில். அந்த நாலு மாதம் மற்றவர்கள் அடிபட்டு வழி சீராகட்டும் என்பதற்காக. சாதாரண அப்டேட்டுகளையும் உபுண்டு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தருவதில்லை; பகுதி பகுதியாகத் திறக்கும், முதலில் பெற்றவர்களின் கணினிகளிலிருந்து கோளாறு அறிக்கைகள் குவிந்தால் நிறுத்திவிடும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காத்திருப்பது வேலைக்கு ஆவதே, காத்திருக்காத யாரோ ஒருவர் எழுதியதால்தான். ஆகவே காத்திருக்க முடிவெடுத்தால், உங்கள் கோளாறை ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பதிந்திருந்தால் தாராளமாகக் காத்திருக்கலாம். பதியவில்லை என்றால் நீங்கள் காத்திருப்பது வராத பஸ்ஸுக்காக இருக்கலாம். அதிகம் பேர் பயன்படுத்தாத பேக்கேஜ், அரிதான பிரிண்டர், தமிழ் உள்ளீட்டு முறை போன்றவற்றில் இந்த ஆபத்து அதிகம். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை உடைந்தால், அதை பெர்லினில் உட்கார்ந்திருப்பவர் தானாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

பின்வாங்குவது

திங்கள்கிழமை வேலை நடந்தாக வேண்டும் என்றால் மனம் முதலில் போவது இங்கேதான். ஆனால் 'பின்வாங்குவது' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று ரொம்பச் சுலபம், ஒன்று சுமார், ஒன்று படுகுழி.

சுலபமானது, இயங்குதளத்தின் மையமான கெர்னல். புது கெர்னல் வந்தாலும் பழையது வட்டில் இருக்கும். பூட் ஆகும்போது குரப் எனும் தொடக்கப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய்ப் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். 2023 டிசம்பரில் இது எவ்வளவு முக்கியம் என்று ஊரே பார்த்தது. டெபியன் 12.3 திருத்த வெளியீட்டில் இருந்த 6.1.64 கெர்னலில் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் தரவைக் கெடுக்கக்கூடிய வழு இருப்பது கடைசி நேரத்தில் தெரியவந்தது. வட்டுப் படிமங்களை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பேக்கேஜ்கள் ஏற்கெனவே களஞ்சியங்களுக்குப் போய்விட்டிருந்தன. அந்தக் கெர்னலுக்கு மாறாதீர்கள் என்று அறிவித்துவிட்டு, திருத்திய கெர்னலுடன் 12.4-ஐ டிசம்பர் 10 அன்றே வெளியிட்டார்கள். அந்த இரண்டு நாளும் பழைய கெர்னலில் நின்றவருக்கு ஒரு சேதமும் இல்லை. பழைய கெர்னல்களையும் நீக்கிவிடக்கூடிய 'ஆட்டோரிமூவ்' தட்டும் கை சற்று நிதானிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சுமாரானது, ஒரே வெளியீட்டுக்குள் ஒரு பேக்கேஜை ஒரு படி இறக்குவது. ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையில் பேக்கேஜ் பெயர், சமக்குறி, பழைய பதிப்பு எண் என்று கொடுத்தால் இறங்கும், பழைய பதிப்பு எங்காவது கிடைக்கும் பட்சத்தில். உங்கள் கணினியின் ஆப்ட் கேஷில் கிடக்கலாம். இல்லாவிட்டால் டெபியனின் ஸ்னாப்ஷாட் தளத்தில் பழைய பேக்கேஜ்கள் எல்லாம் தேதிவாரியாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இறக்கிய பின் 'ஆப்ட்-மார்க் ஹோல்டு' போட்டுப் பூட்டிவிடுவோம். இந்தப் பூட்டில்தான் எனக்குப் பயம். போட்டதை மறந்துவிடுவோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தப் பேக்கேஜுக்கு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் ஒன்றுகூட உள்ளே வந்திருக்காது. உள்ளூரில் மட்டும் ஓடும் பட எடிட்டர் என்றால் பரவாயில்லை. பிரவுசரையோ எஸ்எஸ்எச் சர்வரையோ பூட்டி வைப்பது, கதவுத் தாழ்ப்பாள் கிரீச்சிடுகிறது என்று கதவையே கழற்றி வைப்பது மாதிரி. பூட்டினால் அன்றைக்கே போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

படுகுழி, முழு வெளியீட்டையே இறக்க முயல்வது. 13-இலிருந்து 12-க்கு ஆப்ட் வழியாகத் திரும்புவதை டெபியன் ஆதரிப்பதே இல்லை. பேக்கேஜோடு வரும் ஸ்கிரிப்டுகள் ஏறுவதற்காக எழுதப்பட்டவை. இறங்கும் வழியை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. தரவின் நிலைமை இன்னும் மோசம். தரவுத்தள மென்பொருளான மேரியாடிபி 10.11-இலிருந்து 11.8-க்கு ஏறிய தரவு அடைவைப் பழைய 10.11 கையில் திரும்பக் கொடுக்கக் கூடாது. இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் பெரிய மனுஷத்தனமாக நடந்துகொள்ளும்: டெபியனில் பழைய 15 தன் தரவோடு அப்படியே இருக்கும், 17 பக்கத்தில் வந்து உட்காரும், மாற்றுவது நீங்களாகக் கட்டளை கொடுக்கும்போதுதான். ஃபயர்ஃபாக்ஸ்கூட 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்கப் போனால் தடுத்து எச்சரிக்கும்.

முழுதாகத் திரும்ப வேண்டும் என்றால் ஏறும் முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேர நிலையின் நகல்), அல்லது டைம்ஷிஃப்ட், அல்லது விர்ச்சுவல் இயந்திரம் என்றால் அதன் ஸ்னாப்ஷாட். ஓப்பன்சூசே டிஸ்ட்ரோ இதில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே. அதன் பேக்கேஜ் கருவியான ஸிப்பர் ஒவ்வொரு முறை பேக்கேஜைத் தொடும்போதும் முன்னும் பின்னும் ஸ்னாப்பர் தானாக ஒரு நிழல் எடுத்து வைக்கும், பூட் பட்டியலிலிருந்தே பழைய நிலைக்குப் போகலாம். டெபியன்காரனாக இருந்தும் இதில் எனக்குப் பொறாமைதான்.

யாரிடம் புகார்: டிஸ்ட்ரோவிடமா, எழுதியவரிடமா?

பலர் தடுமாறும் இடம் இது. மென்பொருளை எழுதும் இடத்தை அப்ஸ்ட்ரீம் என்பார்கள். நம் சொல்லில் தலைமடை. அங்கிருந்து டிஸ்ட்ரோ என்ற வாய்க்கால் வழியாகக் கடைமடையில் இருக்கும் நமக்குத் தண்ணீர் வருகிறது. வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் அணையில் போய் நிற்பதா, வாய்க்காலில் அடைப்பு எங்கே என்று பார்ப்பதா?

என் பதில்: சந்தேகம் இருக்கும்வரை வாய்க்கால்தான், அதாவது டிஸ்ட்ரோதான். காரணம், வரும் வழியில் தண்ணீரில் என்ன கலந்தது என்று தலைமடைக்காரருக்குத் தெரியாது. 2008 மே மாதம் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் (மறைகுறியாக்க நூலகம்) பேக்கேஜில் வெளிப்பட்ட பெரும் ஓட்டை இதற்கு உதாரணம். வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை அடக்க, 2006-இல் டெபியன் பக்கத்தில் ஒரு திருத்தம் போட்டார்கள். அதில் சீரற்ற எண்களின் ஊற்றே வற்றிப்போய், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் மொத்தம் 32,768 சாவிகள்தான் உருவாகக்கூடிய நிலை வந்தது. யார் வேண்டுமானாலும் அத்தனையையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். தலைமடையிலிருந்து வந்த நிரலில் இந்தக் குறை இல்லை. டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டு போன்றவற்றிலும் மட்டும் இருந்தது. அணையில் போய்ப் புகார் செய்திருந்தால், 'எங்களிடம் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது' என்றே சொல்லியிருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. திரைக்காப்பு மென்பொருளான எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி ஜாவின்ஸ்கி, தான் எப்போதோ திருத்திவிட்ட வழுக்களுக்கே டெபியன் பயனர்களிடமிருந்து ஓயாமல் அஞ்சல் வருகிறது என்று சலித்து, 'இது மிகப் பழைய பதிப்பு' என்று எச்சரிக்கும் செய்தியை மென்பொருளுக்குள்ளேயே வைத்தார். 2016-இல் அந்தச் செய்தி நிலையான டெபியனில் தலைகாட்டியபோது பெரிய வாக்குவாதம் ஆனது. ஒன்று புதிதாக்குங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்றார் அவர். அவர் சொன்ன விதம் காரம்தான், ஆனால் விஷயத்தில் நியாயம் இருந்தது. நிலையான டிஸ்ட்ரோவில் இருப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம் பழைய பதிப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு தலைமடைக்குப் போனால், 'புதியதில் வருகிறதா?' என்பதுதான் முதல் கேள்வி. பதில் தெரியாமல் போகக் கூடாது.

அந்தப் பதிலை எப்படித் தெரிந்துகொள்வது? டிஸ்ட்ரோவைச் சாராமல் ஓடும் ஃபிளாட்பேக்காகவோ ஆப்இமேஜாகவோ புதிய பதிப்பு கிடைத்தால் பத்து நிமிட வேலை. கணினியைத் தொடாமல் அதை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு வந்தால் தலைமடைக்கு நேராகப் போகலாம். வரவில்லை என்றால் டிஸ்ட்ரோவிடம் போய், 'புதிய பதிப்பில் சரியாகிவிட்டது, அந்தத் திருத்தத்தை மட்டும் இங்கே கொண்டுவர முடியுமா' என்று கேட்கலாம். 'திருத்தத்தை மட்டும்' என்ற சொல் முக்கியம். நிலையான வெளியீட்டுக்குள் பொதுவாகப் புதிய பதிப்பை அப்படியே கொண்டுவர மாட்டார்கள். ஒரு ஓட்டைக்கு ஒரு ஒட்டு, அவ்வளவுதான்.

பதிப்பு எண்ணே பாதி விவரம் சொல்லிவிடும். 2.4.1-3 என்று இருந்தால், 2.4.1 தலைமடைக்காரர் வைத்த எண், கோடுக்குப் பின் வரும் 3 டெபியன் அதைக் கட்டிய தடவை. வாலில் 'டெப்13யூ1' என்று இருந்தால், டெபியன் 13 நிலையான வெளியீட்டுக்காகத் தனியாகத் திருத்தியது. 'பிபிஓ' என்றால், நிலையான வெளியீட்டுக்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து வந்தது. உபுண்டுவில் வாலில் 'உபுண்டு1' என்று தொங்கினால் அவர்கள் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். தொங்கவில்லை என்றால் டெபியனிலிருந்து அப்படியே எடுத்தது, ஆகவே அதே வழு டெபியன் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று அங்கேயும் தேடலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் 2024 மார்ச் 29. ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர் டெபியனின் வளர்ச்சிப் பதிப்பான சிட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறது, சிபியு அதிகம் தின்கிறது என்று கவனித்துத் தோண்டினார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது வெளிவந்தது. அவர் எந்த வரிசையில் தெரிவித்தார் என்று பாருங்கள். முதலில் இது டெபியனின் கோளாறு என்று நினைத்து, டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினார். அப்புறம் தலைமடையே சம்பந்தப்பட்டிருப்பதாகத் தெரிந்ததால் அங்கே வழு பதியவே இல்லை. டிஸ்ட்ரோக்களின் பாதுகாப்புக் குழுக்களுக்குச் சொல்லிவிட்டு, அதன் பிறகே உலகத்துக்குச் சொன்னார். பாதுகாப்பு வாடை அடிக்கும் எதையும் பொதுப் பதிவேட்டில் போடாதீர்கள். அதற்கெனத் தனி அஞ்சல் முகவரி பெரிய டிஸ்ட்ரோக்களில் உண்டு.

கெர்னல் மட்டும் சற்று விதிவிலக்கு. 'நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை' என்ற புகாருக்கு அங்கே தனி மரியாதை இருக்கிறது; பயனரின் நிரலை உடைக்கும் மாற்றத்தை லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுத்துக்கொள்வதில்லை. ஆனால் மூடிய மூலம் கொண்ட என்விடியா டிரைவர் உள்ளே ஓடினால், அதை எடுத்துவிட்டு வா என்பார்கள். பொறுமை இருந்தால் கிட் பைசெக்ட் வழியாக எந்த மாற்றத்தில் உடைந்தது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆயிரம் மாற்றம் என்றாலும் பாதி பாதியாக வெட்டிப் பத்துச் சுற்றில் முடியும். ஒவ்வொரு சுற்றிலும் கெர்னலைக் கட்ட வேண்டும் என்பதைப் பழைய லேப்டாப்காரர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளவும். நான் ஒரு முறை ஆரம்பித்து நாலாவது சுற்றில் கைவிட்டவன்.

எழுதுவது என்று முடிவானால்

டெபியனில் வழுப் பதிவு முழுக்க மின்னஞ்சல் வழிதான். 'ரிப்போர்ட்பக்' கேள்வி கேட்டு அஞ்சலை உருவாக்கித் தரும். ஏற்கெனவே உள்ள வழுக்களையும் காட்டும். உபுண்டுவில் 'உபுண்டு-பக்' கட்டளை தகவல்களைத் திரட்டி உபுண்டுவின் வழுப் பதிவேடு உள்ள லாஞ்ச்பேடு தளத்துக்குக் கொண்டுபோகும். டெபியனில் அனுப்பும் முன் தெரிந்திருக்க வேண்டியது: உங்கள் மின்னஞ்சல் முகவரியும் எழுதியது அத்தனையும் எல்லோரும் பார்க்கும்படி நிரந்தரமாக அங்கே இருக்கும். லாகில் வீட்டு வைஃபை பெயர், ஆள் பெயர் கொண்ட கோப்புப் பாதைகள், ஐபி முகவரிகள் இருந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

'அப்கிரேடுக்குப் பிறகு பிரிண்டர் வேலை செய்யவில்லை, அவசரம், உதவவும்.' இப்படி வரும் கடிதத்தைப் படிக்கும் தன்னார்வலர் என்னதான் செய்ய முடியும்? இதையே இப்படி எழுதலாம்: 'நேற்று 12-இலிருந்து 13-க்கு ஏற்றினேன். கப்ஸ் இந்தப் பதிப்பிலிருந்து இந்தப் பதிப்புக்குப் போனது. பிடிஎஃப்பை ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அச்சிடச் சொன்னால் முதல் பக்கம் வருகிறது, இரண்டாவது வெற்றுத் தாள். ஒரு பக்க அச்சில் கோளாறு இல்லை. புதிய பயனர் கணக்கிலும் இப்படியே. பழைய பதிப்பை இறக்கினால் சரியாகிறது. பிழைச் செய்தி கீழே.' என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எதில் நடக்கவில்லை. கடைசியாகச் சொன்னதற்குத்தான் விலை அதிகம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் விட்டுவிடாதீர்கள். எழுதுபவர்களில் பலருக்கு அது தாய்மொழி அல்ல. பதிப்பு எண்ணுக்கு இலக்கணம் கிடையாது. ஆனால் கணினியைத் தமிழ் இடைமுகத்தில் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்ய வேண்டும்: கட்டளைக்கு முன்னால் 'எல்சி_ஆல்=சி' என்று சேர்த்து ஓட்டுங்கள். பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும், அவர்களும் தேடிக் கண்டுபிடிக்க முடியும். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புவது வேண்டாம், எழுத்தாக ஒட்டுங்கள்.

தீவிரம் பற்றி. நான் 'கிரேவ்' போட்டேன் என்று சொன்னேன் அல்லவா? அது பேக்கேஜே யாருக்கும் பயன்படாத நிலைக்குப் போய்விட்டால், அல்லது தரவு அழிந்தால் போடுவது. என் அக்காவுக்குக் கோபம் வந்தால் போடுவதல்ல. 'கிரிட்டிகல்', 'கிரேவ்', 'சீரியஸ்' மூன்றும் அடுத்த வெளியீட்டையே தடுத்து நிறுத்தக்கூடியவை. சந்தேகம் இருந்தால் 'நார்மல்' அல்லது 'இம்பார்ட்டண்ட்' போதும், பராமரிப்பவர் வேண்டுமானால் உயர்த்திக்கொள்வார்.

நான் எதை எடுப்பேன்

நாளை காலை பில் போட வேண்டிய கடைக் கணினியோ பலர் நம்பியிருக்கும் சர்வரோ என்றால்: சாட்சியத்தை நகல் எடு, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பு, அதே ஸ்னாப்ஷாட்டை ஒரு விர்ச்சுவல் இயந்திரத்தில் ஏற்றி நிதானமாக உடைத்துப் பார், அங்கிருந்து டிஸ்ட்ரோவுக்கு எழுது. ஸ்னாப்ஷாட் இல்லை என்றால் பேக்கேஜை மட்டும் இறக்க முடியுமா என்று பார்ப்பேன். முழு வெளியீட்டை இறக்க மட்டும் முயல மாட்டேன், அதற்குப் பதில் புதிதாக நிறுவி பேக்கப்பிலிருந்து தரவை மீட்பது வேகமாக முடியும்.

சொந்த லேப்டாப் என்றால் பின்வாங்குவதே இல்லை. ஃபிளாட்பேக்கோ பேக்போர்ட்ஸோ வைத்து அன்றைய பொழுதை ஓட்டிவிட்டு, கோளாறை அப்படியே விட்டு வைப்பேன். பராமரிப்பவர் ஒரு வாரம் கழித்து 'இதை ஓட்டிப் பார்த்துச் சொல்' என்று பதில் போடும்போது ஓட்டிப் பார்க்க உடைந்த கணினி ஒன்று இருக்க வேண்டுமே. அந்தப் பதிலுக்குப் பதில் போடாதவர்களின் வழுக்கள்தான் 'கூடுதல் தகவல் தேவை' என்ற முத்திரையோடு வருடக்கணக்கில் கிடக்கின்றன.

அப்புறம், நீங்கள் பதிந்த வழு உங்கள் தப்புதான் என்று பிறகு தெரிந்தால் வெட்கப்பட்டு ஓடிவிடாதீர்கள். டெபியனில் ஒவ்வொரு வழு எண்ணுக்கும் '-டன்' என்று முடியும் ஒரு அஞ்சல் முகவரி உண்டு. அதற்கு, 'சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பு இனி படிக்கப்படாது, வெளியீட்டுக் குறிப்பில் இருக்கிறது, நான் கவனிக்கவில்லை' என்று இரண்டு வரி அனுப்பினால் வழு மூடிக்கொள்ளும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இன்னொருவர் அதே கோளாறைத் தேடும்போது அந்த இரண்டு வரி அவர் கண்ணில் படும்.